பின்பக்கம் மூன்றடி விடு

களியக்காவிளை

அன்புள்ள மக்களே,

உன் ஹாலில் வைக்கப்போகும் பவளக் கடல்தொட்டிக்கு மெல்போர்னில் இருந்து நீ அனுப்பிய வரைபடம் கிடைத்தது. நன்றாகவே வரைந்திருக்கிறாய். சோபாவில் உட்கார்ந்தால் தொட்டி எப்படித் தெரியும், வாசலில் நுழைந்தால் எப்படித் தெரியும், ராத்திரி நீல லைட் போட்டால் எப்படித் தெரியும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். தொட்டிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதற்கு மட்டும் படமே இல்லை. சுவரோடு ஒட்டி வைத்துவிட்டாய். முதலில் அதை மாற்று. சுவரில் இருந்து மூன்றடி முன்னால் இழு. ஹால் சின்னதாகிவிடும் என்று மாப்பிள்ளை முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

எட்டடி நீளம், நாலடி அகலம், இரண்டரை அடி உயரம். ஸ்டூல் போட்டு ஏறி நின்று கையை உள்ளே விட்டால் எவ்வளவு தூரம் போகும்? தோளில் இருந்து விரல் நுனி வரைக்கும் பெரும்பாலும் இரண்டரை அடி அளவில்தான். பின்கண்ணாடி ஓரத்தில் ஒரு பவளம் சரிந்து விழுந்தால் முன்னால் நின்று அதை நீ எடுக்க முடியாது. விழுந்தது மண்ணில் கிடந்து அழுகும். இன்னொரு பவளத்தின் மேல் சாய்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று கொட்டும். பகலில் பூச்செடி மாதிரி சாதுவாகத் தெரிகிற சில வகைகள் ராத்திரியில் நீளமான இழைகளை விட்டுப் பக்கத்து இடத்துக்குச் சண்டை போடும். நாமும் திருவனந்தபுரம், நெய்யாற்றின்கரை பக்கம் கடல்தொட்டிகள் போட்டுக்கொடுத்திருக்கிறோம் அல்லவா? வருஷக்கணக்கில் ஓடியவை எல்லாம் பின்னால் ஆள் நிற்க இடம் விட்ட வீடுகளில் இருந்தவைதான். சுவரோடு ஒட்டியவற்றைப் பார்க்கப் போனால் வீட்டுக்காரர், "சேச்சி, மோட்டார் சத்தம் போடுது, ஆனா கை போகல்ல" என்பார்.

அப்பா கண்ணாடிக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார், அப்படியே எழுதுகிறேன். 80 கன அடி என்றால் 2,265 லிட்டர். கடல்தண்ணீர் நல்ல தண்ணீரைவிடக் கனம், எனவே தண்ணீர் மட்டும் 2,300 கிலோவைத் தாண்டும். 19 மில்லிமீட்டர் கண்ணாடி சுமார் 400 கிலோ. பாறை, மண், ஸ்டாண்டு, வழிகிற தண்ணீரை வாங்கக் கீழே வைக்கும் சம்ப் தொட்டி எல்லாம் சேர்த்தால் மூன்று டன்னுக்கு மேல். உங்கள் ஹால் தரை கான்கிரீட்டா, மரமா என்று நீ எழுதவில்லை. அந்த ஊர் பழைய வீடுகளில் மரத்தளம் உண்டென்று நீதான் முன்பு சொன்னாய். மரம் என்றால் கட்டட இன்ஜினியர் ஒருவர் கீழே குனிந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு மற்றதைப் பேசலாம்.

அதோடு அப்பா இன்னொன்றும் சொல்கிறார். உயரத்தில் அரை அடி குறை. தண்ணீரின் அழுத்தம் ஆழத்தைப் பார்த்துத்தான் ஏறும். இரண்டரை அடிக்கு முன்கண்ணாடியின் மேல் மட்டும் 700 கிலோவுக்கு மேல் தள்ளும். இரண்டடியாக்கினால் அது 460க்கு வந்துவிடும். கைக்கும் எட்டும், லைட்டும் அடி வரைக்கும் இறங்கும், பார்க்கிற அழகில் ஒன்றும் குறையாது. ஆனால் ஆழமான தொட்டிதான் கம்பீரம் என்று கேட்கிறவர்களுக்கு அவர் இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். நீயாவது கேள். முன்பக்கத்துக்கு இரும்புச்சத்து குறைந்த கண்ணாடி கேட்டு வாங்கு, சாதாரணக் கண்ணாடியில் அந்தத் தடிமனுக்குப் பச்சை அடிக்கும். மற்ற மூன்று பக்கத்துக்கும் அந்தச் செலவு வேண்டாம். சிலிக்கான் வைத்தபின் புளித்த வாடை முழுதும் போகும்வரை தண்ணீரைக் காட்டக் கூடாது.

இனி பின்பக்கத்துக்கு வருகிறேன். எனக்குப் பெரிய விஷயம் இதுதான்.

தண்ணீர் மேல்தொட்டியில் இருந்து வழிந்து சம்ப்புக்கு இறங்க மூன்று குழாய் போடு. ஒன்று முழுக்கத் தண்ணீர் நிறைந்து சத்தமில்லாமல் ஓடுவது, அதில் வால்வு வைத்துத் திருப்பி அளவு வைக்க வேண்டும். இரண்டாவது லேசாக ஒழுகிக்கொண்டிருப்பது. மூன்றாவது சும்மா நிற்பது, முதல் இரண்டிலும் நத்தையோ பாசியோ போய் அடைத்தால் மட்டும் அதில் தண்ணீர் இறங்கும். ஒரே குழாயை நம்பினால் அது அடைக்கிற நேரம் நீ ஆபீஸில் இருப்பாய்.

அப்புறம் கரண்ட். இங்கே கரண்ட் போவது பழகிப்போன ஒன்று என்பதால் நாம் ஒவ்வொரு தொட்டியையும் கரண்ட் போகும் என்று நினைத்தே போட்டோம். கடையில் இருட்டு விழுந்தால் பத்துக் கடை தள்ளிக் கேரளத்தில் லைட் எரியும், நாங்கள் இங்கே மெழுகுவர்த்தி தேடுவோம். உனக்கு அங்கே அபூர்வமாகத்தான் போகும், அதனால்தான் எனக்குப் பயம். சம்ப்பில் இருந்து தண்ணீரை மேலேற்றும் பம்பு நின்றதும் மேலே வழிய வேண்டிய தண்ணீர் முழுதும் கீழே இறங்கிவிடும், மேலேற்றும் குழாய் வழியாகவும் பின்னோக்கி உறிஞ்சும். உன் தொட்டியின் மேல்பரப்பு 32 சதுர அடி. அதில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலே ஏறக்குறைய 30 லிட்டர். மூன்று சென்டிமீட்டர் இறங்கினால் 90 லிட்டர், அதோடு குழாயில் நிற்பதும் சேரும். அவ்வளவையும் வாங்கிக்கொள்ள சம்ப்பில் காலி இடம் இருக்க வேண்டும். சம்ப்பை விளிம்பு வரை நிரப்பி அழகு பார்க்காதே. மேலேற்றும் குழாயில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றே கீழே ஒரு சின்னத் துளை போடு, மட்டம் இறங்கினதும் அது காற்றை இழுத்து உறிஞ்சுவதை நிறுத்தும். திரும்ப வராமல் தடுக்கும் வால்வு இருக்கிறதே என்று பிளம்பர் சொல்வார். அதில் ஒரு நத்தை சிக்கினால் வால்வு திறந்தபடியே நின்றுவிடும். துளையை மட்டும் நம்பு, அதையும் மாதம் ஒருமுறை குத்தி விடு.

பம்பைக் கையால் நிறுத்திப் பார். மீன் ஒன்றுகூட வாங்காமல், வெறும் தண்ணீரோடு, நாளுக்கு ஒரு தடவை மெயினை அணைத்துவிட்டு சம்ப் எங்கே வரை நிறைகிறது என்று பேனாவால் கோடு போட்டு வை. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றும் வாங்கி வை. கரண்ட் நெடுநேரம் போனால் முதலில் தீர்வது பிராணவாயுதான், சூடு அதற்கப்புறம். வயரெல்லாம் பிளக்கைவிடத் தாழ்ந்து தொங்கி மேலேறட்டும், சொட்டுகிற தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழே விழும். கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் ஈ.எல்.சி.பி. சுவிட்ச் இல்லாமல் ஒரு ஹீட்டரைக்கூடச் செருகாதே. பெரிய ஹீட்டர் ஒன்றுக்குப் பதில் சின்னது இரண்டு. ஒன்று சிக்கி அணையாமல் போனாலும் தொட்டி வெந்துபோகாது.

தண்ணீருக்கு வருவோம். நாங்கள் விழிஞ்ஞத்தில் இருந்து கேனில் கொண்டுவந்தது உனக்கு நினைவிருக்கும். தேங்காப்பட்டணம் நமக்குப் பக்கம்தான், ஆனால் அங்கே எடுக்க மாட்டோம். குழித்துறையாறு அங்கேதான் கடலில் விழுகிறது, இடவப்பாதியில், அதாவது ஜூன் மாத மழையில், மழைத்தண்ணீர் கலந்து உப்பு குறைந்துபோகும். உனக்கு அங்கே உப்புப் பொடியைக் கலக்குவதுதான் சரி. லிட்டருக்கு 35 கிராமுக்குச் சற்றுக் கூடுதல், ஆக முதல் நிரப்புக்கே 80 கிலோ அளவில் உப்பு வேண்டும். கலக்கும் தண்ணீர் ஆர்.ஓ. வடிகட்டியும், அதற்கு மேல் மிச்ச உப்பையும் பிடிக்கும் டி.ஐ. வடிகட்டியும் தாண்டி வர வேண்டும், கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். வீட்டுக் குழாய் செம்பு என்றால் இதில் ரொம்பக் கண்டிப்பாக இரு. நமக்கு ஒன்றும் செய்யாத அளவு செம்பு பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும். மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து ஊற்றலாம் என்று கடைக்காரர் கொடுத்தால், தனித்தொட்டியில் மட்டும் ஊற்று. புது மீனை முதலில் அங்கேதான் வைக்கவும் வேண்டும்.

ஆவியாகப் போவது வெறும் தண்ணீர்தான், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் தினமும் விடுவது நல்ல தண்ணீராக இருக்கட்டும். உன் தொட்டியில் நாளுக்கு ஒரு குடம் என்று வைத்துக்கொள். அந்தக் குடம் தண்ணீர் எங்கே போகிறது? உன் வீட்டுச் சுவருக்குள். குளிருக்கு ஜன்னலைச் சாத்தி வைத்தால் அந்த ஊர் ஜிப்சம் பலகைச் சுவர் பூஞ்சை பிடிக்கும். பின்னால் விடச் சொன்ன மூன்றடிக்கு மேலே காற்றை வெளியே தள்ளும் ஃபேன் ஒன்று வேண்டும். இதை இப்போதே சுவர் வேலைக்காரரிடம் சொல்லிவிடு.

முதல் மாதம் உனக்கு ஏமாற்றமாக இருக்கும். பாறையும் மண்ணும் தண்ணீரும் மட்டும், மீன் இல்லை. கழிவில் இருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பாறையின் துளைகளில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சோதனைக் குப்பியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் என்று வந்த பிறகும் பவளத்துக்குக் கொஞ்சம் பொறு, முதலில் நத்தையும் ஒன்றிரண்டு மீனும். 1961லேயே ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் பெரிய வடிகட்டி எதுவும் இல்லாமல், கடலில் இருந்து எடுத்த உயிருள்ள பாறையும் காற்றும் வெயிலும் வைத்துத் தொட்டி நடத்தியதை எழுதினார். பாறைக்குள் இருக்கிற உயிர்கள்தான் தண்ணீரைச் சுத்தம் செய்கின்றன என்பது அதில் தெரிந்தது. நீ வாங்க நினைக்கும் கருவிகளில் பாதி அதற்கு உதவி மட்டும்தான். நுரை கட்டிக் கழிவை வெளியே எடுக்கும் ஸ்கிம்மரை மட்டும் பெரிதாக வாங்கு.

தூத்துக்குடிப் பக்கத்துப் பழைய பவளக்கல் கொஞ்சம் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தாய். அனுப்ப மாட்டேன். பாறை கட்டும் பவளங்கள் 2001ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்துவிட்டன, செத்த கல்லை எடுத்தாலும் குற்றம்தான். உங்கள் ஊர்க் கஸ்டம்ஸும் விடாது. அது போகட்டும், மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் அந்தக் கல்லைத் தோண்டித் தோண்டி, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்று இரண்டு தீவே தண்ணீருக்கு அடியில் போனது. அதில் ஒரு துண்டு உன் ஹாலில் இருக்க வேண்டாம். அங்கேயே அரகோனைட் பாறையோ, செய்து விற்கிற செயற்கைப் பாறையோ கிடைக்கும். பவளத்தையும் வளர்த்து வெட்டிக் கொடுக்கிறவர்களிடம் வாங்கு. மீனும் அப்படித்தான். கோமாளி மீனை விழிஞ்ஞம் ஆராய்ச்சி நிலையத்திலேயே குஞ்சு பொரிக்க வைத்தார்கள், கடலில் பிடிக்க வேண்டிய தேவை என்ன? ஜோடியாக வாங்கும்போது ஆண் எது பெண் எது என்று கேட்காதே. எல்லாம் ஆணாகத்தான் பிறக்கும், கூட்டத்தில் பெரிதாக வளர்ந்து ஆளுவது பெண்ணாகும்.

ஒன்றைப் பேத்திக்காகச் சொல்கிறேன். பட்டன் மாதிரி வட்டமாகப் பூக்கும் சில வகைப் பவளங்களில் கடுமையான விஷம் உண்டு. அவை ஒட்டிய பாறையைச் சூடுவெந்நீரில் போடுவதோ, வீட்டுக்குள் தேய்ப்பதோ, உடைப்பதோ கூடாது. ஆவியாகவும் தெறிப்பாகவும் மூச்சில் ஏறி ஆஸ்பத்திரி வரை போனவர்கள் உண்டு. கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாமல் நீயும் தொடாதே. அவளுக்கு ஸ்டூலைக் காட்டிக்கொடுக்காதே.

நீங்கள் ஊருக்கு வரும்போது தொட்டியை யார் பார்ப்பார்கள்? கேட்டால் ஆட்டோமேட்டிக் என்பாய். பின்னால் ஒவ்வொரு குழாயிலும் வால்விலும் டேப் ஒட்டி, எது எதற்கு, எப்போது மூட வேண்டும் என்று எழுதி வை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து படித்துப் பார்த்து ஒரு வால்வைத் திருப்பி மூட வேண்டும், அந்த அளவுக்குத் தெளிவாக. நின்று படிக்க அவருக்கு இடமும் வேண்டும், அதற்கும் அந்த மூன்றடிதான். மாப்பிள்ளையிடம் இதை இப்படியே சொல்.

அப்பா கடைசியாக ஒன்று கேட்கச் சொன்னார். வீட்டு வாசல் அகலம் எவ்வளவு, உள்ளே திரும்பும் வழியில் எட்டடிக் கண்ணாடி திரும்புமா? திரும்பாது என்றால் ஹாலிலேயே வைத்து ஒட்ட வேண்டும், அதற்கு ஆள் பிடிப்பது வேறு வேலை. டேப் வைத்து அளந்து சென்டிமீட்டரில் எழுது. தரை மரமா கான்கிரீட்டா என்பதும் அதே கடிதத்தில் வரட்டும்.

அன்புடன்,
அம்மா