பள்ளிக் கழிப்பறை, சுற்றுச்சுவர் வேலை முடிந்தது: உறுப்பினர்களுக்குக் கணக்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் பள்ளியும் சத்துணவு அமைப்பாளர் அக்காவும் டிவியில் வந்ததிலிருந்து "பணம் கொட்டியிருக்குமே, எங்கே போச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். கொட்டவில்லை. பாராட்டி நிறைய போன் வந்தது, பணம் பெரும்பாலும் நம் ஊர்க்காரர்கள் கொடுத்ததுதான்.

முகப்பில் வளைவு கட்டினால் அடுத்த முறை கேமராவில் எடுப்பாக இருக்கும் என்றார்கள் சிலர். குழு மறுத்துவிட்டது. பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகள் மாதத்தில் சில நாள் பள்ளிக்கே வராமல் இருந்தது கழிப்பறை இல்லாமல்தான். இன்று கேட்டாலும் இதே முடிவுதான்.

இப்போது சுவர் விஷயம். நம்முடையது கரிசல் மண். மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், பழைய சுவர் சாய்ந்ததே அதனால்தான். ஒப்பந்தக்காரர் அஸ்திவாரத்துக்கு மூன்றடி வானம் (குழி) போதும் என்று கொட்டேஷன் கொடுத்தார். நம் ஊர் இன்ஜினியர் தம்பி பார்த்துவிட்டு, ஐந்தடி தோண்டி மணல் நிரப்பி, மேலே பெல்ட் கான்கிரீட் (சுவரின் அடியில் நீளவாக்கில் ஓடும் கம்பி கட்டிய கான்கிரீட் பட்டை) போடாமல் சுவர் எழுப்பவே கூடாது என்றார். அவ்வளவுதான், ஒப்பந்தக்காரர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார், தோண்டிய குழியில் மழைத்தண்ணீர் நின்றது, பிள்ளைகள் விழுந்துவிடக் கூடாதே என்று முள்ளை வெட்டி அடைத்துக் காவல் இருந்தோம். கடைசியில் கூடுதல் வேலைக்குத் தனி ரேட் பேசி, மூடுவதற்கு முன் ஒவ்வொரு குழியையும் டேப் வைத்து அளந்து, அவரிடமே கையெழுத்து வாங்கித்தான் பணம் கொடுத்தோம். கூடுதல் செலவு ரூ.86,000. அவர் கேட்டது இதைப்போல் இரண்டு மடங்கு.

கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, மின் இணைப்பு எல்லாம் முடிந்தன.

கிழக்கு மூலையில் இடம் தந்த பெரியவரிடம் பத்திரம் கேட்டது மரியாதைக் குறைவு என்று ஒரு பேச்சு. மதுரை கொடிக்குளத்தில் வங்கி ஊழியர் ஆயி பூரணம் அம்மாள் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தைப் பள்ளிக்குக் கொடுத்தாரே, 2024 ஜனவரியில் எல்லா சேனலிலும் பார்த்தோமே, அவரும் முறைப்படி பத்திரம் பதிந்துதான் கொடுத்தார். பின்னால் வாரிசுகள் கேட்டால் பள்ளிக்கு எது ஆதாரம்? பெரியவர் சந்தோஷமாகவே எழுதிக் கொடுத்தார்.

நன்கொடை தந்தவர்கள்: நம் பள்ளியில் படித்த 1994 செட், 2003 செட், சிங்கப்பூரில் இருக்கும் நம் பிள்ளைகள், தீப்பெட்டி ஆபீஸ் அக்காமார், பஸ் ஸ்டாப் டீக்கடை அண்ணன், கீழத்தெரு மகளிர் குழு, மேலத்தெரு மகளிர் குழு, செங்கல் இறக்கிய லாரிக்கு வாடகை வாங்காத டிரைவர், ஓய்வுபெற்ற கணக்கு சார், முதல் மாதச் சம்பளத்தைக் கொண்டுவந்த நர்ஸ் தங்கச்சி. ஒவ்வொருவருக்கும் ரசீது போட்டாயிற்று.

பில் ஃபைல் தலைமை ஆசிரியர் அறையில் இருக்கிறது, யாரும் வந்து பார்க்கலாம். டிவிக்காரர்கள் மறுபடியும் வரக் கேட்டிருக்கிறார்கள், வகுப்பு முடிந்து மாலை நாலரைக்கு மேல் வரச் சொல்லியிருக்கிறோம்.