பிரசவ அறையில் உடனிருந்த அக்காவுக்கு நன்றி

என் தலைப்பிரசவத்தில் டூலாவாக, அதாவது பிரசவ வேளையில் தாய்க்கு உடனிருந்து ஆதரவு தரும் பயிற்சி பெற்ற துணையாக வந்து, வலி கண்டதிலிருந்து குழந்தைக்குச் சீம்பால் கொடுத்து முடிக்கும்வரை என் பக்கத்தை விட்டு நகராத அந்த அக்காவுக்கு, பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டபடி பெயரைச் சொல்லாமலே, என் மனமார்ந்த நன்றியைத் தெரிவிக்கிறேன்.

குழந்தையின் முகம் என் வயிற்றுப் பக்கம் திரும்பியிருந்ததால் வலி முழுவதும் இடுப்பிலேயே இறங்கியது. ஒவ்வொரு வலி எழும்போதும் அவர் தம் உள்ளங்கையின் அடிப்பகுதியை என் முதுகுத்தண்டின் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அவசரமே இல்லம்மா, மூச்ச மெதுவா விடு" என்று காதருகே சொல்லிக்கொண்டிருந்தார். வலி தணிந்த இடைவெளிகளில் என்னை முன்னால் சாய்ந்து நிற்கவைத்தார், இளநீர் கொடுத்தார், பதறிப்போயிருந்த என் கணவருக்கும் எங்கே கை வைத்து அழுத்த வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். மருத்துவரின் வேலையிலோ செவிலியரின் வேலையிலோ அவர் தலையிடவே இல்லை. அவர்கள் சொன்னதை எனக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லி, என் பதிலுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார். என் அச்சத்தைப் போக்கியது அதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

பிரசவத்தின்போது பெண் விரும்பும் துணை ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. தொடர்ச்சியான துணை கிடைத்தவர்களுக்கு அறுவைச் சிகிச்சை குறைவாகவே தேவைப்பட்டதாக, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 15,000க்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட தொகுப்பாய்வும் கூறுகிறது. கருவுற்றிருக்கும் தோழியர் இதைப் பற்றித் தம் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

அக்கா, நானும் என் கணவரும் அம்மாவும் உங்களுக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.