மல்லிகாவுக்கு, நாகலூரிலிருந்து

நாகலூர், ஏற்காடு

அன்புள்ள மல்லிகா,

மருமகளின் வளைகாப்பு, ஆத்தூர் வெயில், கிழங்கு விலை எல்லாம் எழுதி முடித்துவிட்டு, கடைசிப் பக்கத்து ஓரத்தில் பொடி எழுத்தில் நாலு வரி எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் முதலில் பதில். “மூத்திரம் கசிவதற்கு உனக்குச் செய்த அதே ஆபரேஷனை எனக்கும் செய்துவிடச் சொல், அந்த டாக்டரம்மாவிடம் தேதி வாங்கிக் கொடு” என்று கேட்டிருக்கிறாய். தேதி வாங்கித் தருகிறேன், பரிசோதனைக்கு. ஆபரேஷன் பேச்சை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்வோம். உனக்கு இருப்பதும் எனக்கு இருந்ததும் ஒன்றாக எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு எப்படி இருந்தது என்று உனக்கு முழுதாகச் சொன்னதே இல்லை. அறுவடை நேரத்தில் இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு சரிவில் நின்று காபிப் பழம் பறிக்கும்போது ஒன்றும் ஆகாது. பழம் நிறைந்த சாக்கைத் தூக்கிவிட இரண்டு பேராகக் குனிந்து, “ஏலே தூக்கு” என்று மூச்சைப் பிடிப்போம் பார், அந்த நொடியில் நனைந்துவிடும். மார்கழிப் பனியில் இருமல் வந்தால் கேட்கவே வேண்டாம். போக வேண்டும் என்ற உணர்வே முன்னால் வராது. ராத்திரி நிம்மதியாகத் தூங்குவேன், ஒரு சொட்டு போகாது. பகலில் உடம்பு அசைந்தால்தான் தொல்லை.

நீ எழுதியிருப்பது வேறு. பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தால் தண்ணீர் சத்தத்துக்கே முட்டிக்கொண்டு வருகிறது, வீட்டுப் பூட்டைத் திறப்பதற்குள் போய்விடுகிறது, ராத்திரியில் பலமுறை எழுந்திருக்கிறாய். இருமும்போதும் கொஞ்சம் கசிகிறது என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறாய். இரண்டும் கலந்திருக்கலாம். கலந்திருந்தால் எது பெரிசு, எது சிறிசு என்று பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்தியம் ஆரம்பிக்க வேண்டும்.

டாக்டரம்மா எனக்குப் படம் போட்டுக் காட்டியதை அப்படியே சொல்கிறேன். மூத்திரப்பையிலிருந்து வெளியே வரும் குழாயை அடியில் தசையும் ஜவ்வும் தாங்கிக்கொண்டிருக்கின்றன. இருமினால் வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறும். தாங்கல் உறுதியாக இருந்தால் குழாய் அதன்மேல் அழுந்தி மூடிக்கொள்ளும். பிரசவங்களில் அந்தத் தாங்கல் தளர்ந்து, மாதவிடாய் நின்ற பிறகு இன்னும் மெலிந்துபோனால் குழாய் சரியாக மூடாது. எனக்குக் கெட்டுப்போயிருந்தது அதுதான். எனக்குச் செய்த ஸ்லிங் ஆபரேஷன் என்பது அந்தக் குழாயின் நடுப்பகுதிக்கு அடியில் சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலப் பட்டை ஒன்றை, குழந்தைக்குத் தூளி கட்டுவதைப் போல, வைத்துவிடுவது. இழுத்துக் கட்டக் கூடாது. குழாய்க்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு கத்திரிக்கோலை நுழைத்து, இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துத்தான் விடுவார்களாம். சும்மா இருக்கும்போது பட்டை சும்மா கிடக்கும், இருமும்போது மட்டும் தாங்கும்.

நீ சொல்கிற அவசரம், மூத்திரப்பையின் தசையே நேரங்காலம் இல்லாமல் சுருங்குவதால் வருவது. அதைப் பட்டை தடுக்காது. பட்டை வைத்த பிறகு சிலருக்கு அவசரம் கூடுவதும் உண்டு. அதனால்தான் தேதி கேட்டதும் உடனே சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனக்கும் உடனே கத்தி வைக்கவில்லை. இங்கே முதலில் பார்த்த ஒரு டாக்டர் “வயசானா இப்படித்தாம்மா” என்று வைட்டமின் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். சேலத்தில்தான் உட்கார வைத்துப் பேசினார்கள். நீர்த்தொற்று இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார்கள். மூத்திரப்பை நிறைந்திருக்கும்போது படுத்து ஒருமுறை, எழுந்து நின்று ஒருமுறை இருமச் சொன்னார்கள். கூச்சத்தில் எனக்கு இருமலே வரவில்லை. அந்த நர்ஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, இங்கே கசிந்தால்தான் நல்லது, நன்றாக இருமுங்கள்” என்றாள். அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும்.

அப்புறம் மூன்று மாதம், அந்தத் தாங்கல் தசையை உறுதியாக்கும் கீகல் பயிற்சி. 1948-ல் ஆர்னால்டு கீகல் என்ற அமெரிக்க டாக்டர் எழுதிவைத்தது, இன்றும் முதல் வைத்தியம் அதுதான். காற்றையும் நீரையும் ஒருசேர அடக்குவதுபோல உள்ளே இறுக்கி, சில நொடி பிடித்து, விட வேண்டும். ஒரு வேளைக்குக் குறைந்தது 8 தடவை, நாளுக்கு 3 வேளை. மூச்சைப் பிடிக்கக் கூடாது, தொடையையும் பிட்டத்தையும் இறுக்கக் கூடாது. நீர் போகும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகக் கூடாது. சரியான தசைதான் இறுகுகிறதா என்று பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பார்த்துச் சொல்வது முக்கியம். பலருக்கு இதிலேயே போதுமான குணம் கிடைத்துவிடுகிறது. எனக்குத் தும்மலுக்குக் கசிவது குறைந்தது, சாக்கு தூக்கும்போது மட்டும் தோற்றுப்போனது. மலையில் சுமை தூக்காமல் பிழைப்பு ஏது? அதனால் ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன்.

உன் அக்கா மகள் லண்டனிலிருந்து “அந்த வலையைத் தடை செய்துவிட்டார்கள், சித்தியை ஜாக்கிரதையாக இருக்கச் சொல்” என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. இந்தப் பட்டை பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் நூல் வலை. ஸ்வீடனில் உல்ஃப் உல்ம்ஸ்டென் என்பவர் 1996-ல் இந்த முறையை வெளியிட்ட பிறகு உலகம் முழுக்கப் பரவியது. நாளடைவில் சில பெண்களுக்கு வலை பிறப்புறுப்பின் உள்சுவரை அரித்து வெளியே தெரிந்தது. சிலருக்கு ஆறாத வலி, கணவரோடு சேர முடியாத வேதனை. எடுத்துவிடலாம் என்றால் சதையோடு கலந்துவிட்ட வலையை முழுசாக எடுப்பதும் லேசில்லை. இங்கிலாந்தில் 2018 ஜூலையில் இந்தப் பட்டை வைப்பதை நிறுத்தி வைத்தார்கள். 2020-ல் ஜூலியா கம்பர்லெஜ் தலைமையிலான குழு அந்தப் பெண்களின் வார்த்தையைக் கேட்டு அறிக்கை கொடுத்தது. வலிக்கிறது என்று வருஷக்கணக்கில் சொல்லியும் யாரும் நம்பவில்லை என்று அவர்கள் சொன்னதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. அமெரிக்காவில் 2019-ல் விற்பனையை நிறுத்தச் சொன்னது, கர்ப்பப்பை இறக்கத்துக்கு உள்வழியாக வைக்கும் பெரிய வலைகளை. கசிவுக்கான பட்டை அந்தத் தடையில் சேரவில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. ஆனால் டாக்டரிடம் இதையெல்லாம் கேள். கேட்டால் கோபித்துக்கொள்கிற டாக்டர் நமக்கு வேண்டாம்.

நான் கேட்டேன். மூன்று வழி சொன்னார். பிளாஸ்டிக்கே வேண்டாம் என்றால் அடிவயிற்றில் கீறி, அங்கிருக்கும் சொந்தத் தசையுறையிலேயே ஒரு பட்டை எடுத்து வைக்கலாம். அதற்குக் காயம் பெரிது, ஓய்வும் அதிகம். பிளாஸ்டிக் பட்டை என்றால் இரண்டு வழி: இடுப்பு முன்னெலும்புக்குப் பின்னால் மேலே கொண்டுபோவது முதலாவது, தொடையிடுக்கு வழியாகக் கொண்டுபோவது இரண்டாவது. 2010-ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், பரிசோதித்துப் பார்த்த வகையில், ஓராண்டு முடிவில் பிளாஸ்டிக் பட்டையின் முதல் வழியில் 80.8 சதவீதம், இரண்டாவதில் 77.7 சதவீதம் பேருக்குப் பலன். பெரிய வித்தியாசம் இல்லை. தொல்லைகள்தான் வேறு வேறு. முதல் வழியில் நீர் பிரியாமல் அடைத்துக்கொள்வது கூடுதல், பட்டையைக் கொண்டுபோகும் ஊசி மூத்திரப்பையில் பட்டுவிடும் ஆபத்தும் உண்டு. இரண்டாவதில் தொடை, கால் பக்கம் வலியும் மரப்பும் கூடுதல். நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்குகிற எனக்குக் கால்தான் பிழைப்பு. முதல் வழியே போதும் என்று சொல்லிவிட்டேன்.

ஆபரேஷன் அரை மணி நேரந்தான். முதுகில் ஊசி போட்டார்கள். பிறப்புறுப்பின் உள்சுவரில் ஒரு சின்னக் கீறல், அடிவயிற்றில் இரண்டு சின்னத் துளைகள். மூத்திரப்பைக்குள் கேமரா விட்டு, ஊசி எங்கும் குத்தவில்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். மறுநாள் மூத்திரம் வடிய வைத்திருந்த டியூபை எடுத்துவிட்டு, நீர் போகச் சொல்லி, மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்று ஸ்கேன் பார்த்த பிறகே வீட்டுக்கு விட்டார்கள். ஆறு வாரம் ஒரு குடத்தைக்கூடத் தூக்கவில்லை. இவர்தான் தண்ணீர் எடுத்து வைத்தார். முதலில் கொஞ்ச நாள் நீர் மெதுவாகத்தான் பிரிந்தது, அப்புறம் சரியாகிவிட்டது. இந்த அறுவடைக்குச் சாக்கு தூக்கினேன், ஒன்றும் ஆகவில்லை. சேலம் இறங்கும் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் முடிகிற வரை வாயில் தண்ணீர் படாமல் உட்கார்ந்திருந்தவள், இப்போது பாட்டிலோடு ஏறுகிறேன். ஆடியில் கோட்டை மாரியம்மனைப் பார்க்கக் கூட்டத்தில் நிற்கவும் தெம்பு வந்திருக்கிறது.

இனி உன் காரியம். ஒரு நோட்டில் மூன்று நாளைக்கு எழுது: எப்போது எவ்வளவு குடித்தாய், எப்போது எவ்வளவு போனது, எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய். போனதை அளவுக் கோப்பையில் பிடித்துப் பார், வெட்கப்படாதே. உன் சர்க்கரை ரிப்போர்ட்டை எடுத்து வை, சர்க்கரை ஏறினாலே அடிக்கடி போகும். பிரஷர் மாத்திரை அட்டையையும் கொண்டு வா, அதில் நீர் பிரியவைக்கிற மாத்திரை இருக்கலாம். உன்னுடையது அவசரந்தான் என்று தெரிந்தால், கொஞ்சம் கொஞ்சமாக அடக்கி இடைவெளியைக் கூட்டும் பயிற்சி இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. காபி, டீயையும் குறைக்கச் சொல்வார்கள். காபித் தோட்டத்துக்காரி சொல்கிறேன், குறை. அதனால் இந்தத் தடவை பொடி அனுப்பவில்லை, களத்தில் காய்கிற புது மிளகில் ஒரு படி உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

அண்ணனிடம் சொல்லிவிட்டாயா? சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்தையே படிக்கக் கொடு.

தேதி வாங்கியதும் போன் செய்கிறேன். ஆத்தூர் பஸ்ஸில் ஏறி, சேலம் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கு. நான் அங்கே வந்து நிற்கிறேன், உள்ளே டாக்டர் அறைக்கும் கூடவே வருகிறேன். நோட்டை மறந்துவிடாதே.

அன்புடன்,
விஜயா