தன் பெயரைத் தைத்துக்கொள்ளாத ஊர்

அன்புள்ள அம்மணிக்கு,

மாமா எழுதுகிறேன். கரூருக்கு மாற்றல் ஆகியிருக்கிறது என்று போன வாரம் தொலைபேசியில் சொல்லிவிட்டு, "அங்கே பார்ப்பதற்கு என்னதான் மாமா இருக்கிறது?" என்று கேட்டாய். பசுபதீசுவரர் கோயில் என்று சொன்னேன். அதற்கு மேல் வாய் எழவில்லை. இந்த ஊரின் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில், செக்கிங் பிரிவில் 31 ஆண்டுகள் நின்றவனுக்கு இவ்வளவுதான் சொல்லத் தெரிந்ததா என்று உன் அத்தை இரண்டு நாட்களாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னைப் போல இங்கே வேலைக்கு வரும் மற்றப் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று எல்லாரும் படிக்கும்படியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

முதலில் ஆறு. லைட்ஹவுஸ் கார்னர் என்று ஓர் இடம் இங்கே உண்டு. கடல் இல்லாத ஊரில் கலங்கரை விளக்கம் எதற்கு என்று வந்த புதிதில் எல்லாரும் கேட்பார்கள், பிறகு அவர்களும் அங்கேயே பேருந்து ஏறப் பழகிக்கொள்வார்கள். அங்கிருந்து பாலத்தின் மேல் நின்று பார்த்தால், ஆண்டின் பெரும்பகுதியும் உனக்குத் தெரியப்போவது முள்செடிகளும் நாணலும் நடுவே ஒரு கரிய ஓடையும்தான். அதுதான் அமராவதி. ஆனைமலைக்கும் பழனி மலைக்கும் இடையில் பிறந்து, உடுமலையையும் தாராபுரத்தையும் கடந்து, ஏறக்குறைய 280 கிலோமீட்டர் ஓடி, எங்கள் ஊரைத் தொட்டுவிட்டுத் திருமுக்கூடலூரில் காவிரியோடு கலக்கிறது. 1957இல் உடுமலைக்குத் தெற்கே அணை வந்த பிறகு, மேலே உள்ள வயல்கள் குடித்து மிஞ்சியதே எங்களுக்கு வருகிறது. ஆற்றங்கரை ஊராக இருந்தும் நாங்கள் கடைமடைக்காரர்கள். குடிப்பதற்குக் காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது, அமராவதியை நாங்கள் கடந்து போக மட்டுமே வைத்திருக்கிறோம்.

இந்த ஆற்றுக்கு ஆன்பொருநை என்று பழைய பெயர். பொருள் தேடப் போன ஒருவன் வேலை முடித்து வீட்டை நோக்கித் திரும்பும்போது, தன் ஆசைக்கு எண்ணிக்கை சொல்ல வேண்டி, கருவூர் என்று அன்று பெயர் வழங்கிய நம் கரூரின் துறையில் தெளிந்த நீர் குவித்து வைத்த மணலைக் காட்டி, "தண் ஆன்பொருநை மணலினும் பலவே" என்கிறான். அகநானூற்றின் 93ஆம் பாட்டில் இது வருகிறது. தெளிந்த நீரும் இன்று இல்லை, குவிந்த மணலும் லாரி ஏறிப் போய்விட்டது. ஆனால் அந்த மணல் போகும்போது சிலவற்றைக் கொடுத்துவிட்டே போயிற்று. ஆற்றுப் படுகையைச் சலித்தவர்கள் கையில் ரோமானிய நாணயங்கள் கிடைத்தன. சேரர்களின் சின்னஞ்சிறு நாணயங்கள் கிடைத்தன. மன்னன் முகத்தோடு "மாக்கோதை" என்று பெயர் பொறித்த வெள்ளிக் காசு கிடைத்தது. பெயர் செதுக்கிய முத்திரை மோதிரங்களும் கிடைத்தன. நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி இந்தக் காசுகளைத் திரட்டிப் படித்து வெளியிட்டிராவிட்டால், இவற்றில் பாதி நகைக்கடை உலையில் உருகியிருக்கும் என்பது என் எண்ணம்.

சேரர் தலைநகரான வஞ்சி என்பது கரூர்தானா, இல்லை கேரளத்துக் கொடுங்கல்லூரா என்ற வழக்கு நூறாண்டுக்கு மேல் நடந்தது. எங்கள் ஊர்க்காரன் என்பதால் என் தீர்ப்பை நீ நம்ப வேண்டாம், நேரே புகளூர் ஆறுநாட்டார் மலைக்குப் போய்ப் பார். குகைப் பாறையில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில், யாற்றூர்ச் செங்காயபன் என்ற சமணத் துறவி தங்குவதற்காகச் சேர இளவரசன் இளங்கடுங்கோ வெட்டிக் கொடுத்த கல் என்று, அவன் தந்தை பெருங்கடுங்கோன் பெயரும், பாட்டன் ஆதன் செல்லிரும்பொறை பெயருமாக மூன்று தலைமுறையையும் எழுதி வைத்திருக்கிறார்கள். கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அறுபதுகளில் இந்த எழுத்துகளைப் படித்து விளக்கிய பிறகு கரூர்க் கட்சி பலமடைந்தது. ஆனால் எனக்குப் பிடித்தது அந்த இளவரசன் அல்ல. அதே மலையில் "கருவூர்ப் பொன்வாணிகன் நத்தி" என்று ஒருவர் தம் செலவில் அமைத்துக் கொடுத்த இடத்தையும் குறித்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட 1,800 ஆண்டுகளுக்கு முன்னால், வியாபாரத்தில் சம்பாதித்து, கொஞ்சத்தை நல்ல காரியத்துக்குக் கொடுத்து, ஊர்ப் பெயரையும் தொழிலையும் தன் பெயரையும் அந்த வரிசையிலேயே கல்லில் பொறித்துக்கொண்ட ஒரு கரூர்க்காரர்! இன்றைக்கு நாங்கள் செய்யாத ஒன்று அதுதான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

நடுவில் உள்ள நூற்றாண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். சோழர் காலக் கல்வெட்டுகளில் இந்த ஊர் "முடிவழங்கு சோழபுரம்". பிறகு மைசூர்க்காரர்களும் ஆங்கிலேயர்களும் மாறி மாறிப் பிடித்த கோட்டை ஒன்று இருந்தது. 1783இலும் 1790இலும் ஆங்கிலேயர் கைக்குப் போன அந்தக் கோட்டை இன்று இல்லை. 1874இல் நகராட்சி ஆனது. 1910 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தோம், பிறகு திருச்சிக்கு மாற்றினார்கள், 1995இல் தனி மாவட்டம் ஆனோம், 2021இல் மாநகராட்சியும் ஆகிவிட்டோம். கொங்கு நாட்டுக்குக் கிழக்கு வாசல், சோழ நாட்டுக்கு மேற்கு வாசல். பேச்சில் கொங்கின் "ங்க" வரும். பக்கத்தில் குளித்தலைக்குப் போனால் காவிரிக்கரை நெல்வயலும் வாழைத்தோப்பும் வரும். இரண்டு பக்கமும் உறவு வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் முழுதாகச் சேராமல் இருப்பது வியாபாரிகளுக்கு வசதியான இருப்பு.

பணத்தை இந்த ஊர் எப்படிப் பார்க்கிறது என்பது உனக்கு வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். 1916இல் வெங்கடராம செட்டியாரும் ஆதி கிருஷ்ண செட்டியாரும் 1 லட்சம் ரூபாய் மூலதனத்தில் கரூர் வைசியா வங்கியைத் தொடங்கினார்கள். பத்தே ஆண்டில், 1926இல், இராமலிங்க செட்டியார் முன்னின்று இவ்வூர் வணிகர்கள் லட்சுமி விலாஸ் வங்கியைத் தொடங்கினார்கள். இவ்வளவு சிறிய ஊரிலிருந்து இரண்டு வங்கிகள் புறப்பட்டன என்றால், மழையை நம்ப முடியாத நிலத்து விவசாயிக்கும் நெசவாளிக்கும் கடை வைத்தவருக்கும் கைமாற்று எவ்வளவு தேவையாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். இரண்டாவது வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டு, பெயரே இல்லாமல் போனது. அன்று ஜவஹர் பஜாரில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், தம் பழைய பாஸ்புக்கைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினார். அதில் இருப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

இனி துணி. கைத்தறியில் துண்டும் படுக்கை விரிப்பும் நெய்துகொண்டிருந்த ஊர், எழுபதுகளின் நடுவிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கியது. திருப்பூர் உடம்புக்குப் போடுவதை எடுத்துக்கொண்டது என்றால், நாங்கள் வீட்டுக்குப் போடுவதை எடுத்துக்கொண்டோம்: மேசை விரிப்பு, திரைச்சீலை, தலையணை உறை, ஏப்ரன், அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை இறக்கும் கையுறை, பாத்திரம் துடைக்கும் துண்டு. என் வாழ்க்கை இந்தக் கடைசிப் பொருளோடு போயிற்று. 50க்கு 70 சென்டிமீட்டர் அளவு. மேசையில் விரித்து, இடது கையால் இழுத்துப் பிடித்து, குறுக்கே போகும் ஊடை விட்டிருக்கிறதா, நீளவாட்டில் போகும் பாவு அறுந்திருக்கிறதா, தறி எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா, முடிச்சு மேலே வந்திருக்கிறதா என்று கண்ணை மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாக ஓட்ட வேண்டும். பிறகு திருப்பிப் போட்டு மறுபடி ஓட்ட வேண்டும். ஓரத்தில் லேபிள் இருக்கும். அதில் ஏதோ ஒரு ஐரோப்பியக் கடையின் பெயர், அதன் கீழே துவைக்கும் முறை, அதற்கும் கீழே இந்தியாவில் செய்தது என்று ஒரு வரி. கரூர் என்ற சொல்லை 31 ஆண்டுகளில் ஒரு லேபிளில்கூட நான் பார்த்ததில்லை. நத்தி இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

என் கையெழுத்தோடு போன ஒரு தவறை உனக்குச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் கடைசி. நீலக் கட்டம் போட்ட துண்டுகள், பெரிய ஆர்டர். ஷிப்மெண்ட் நெருங்கிவிட்டதால் இரவு ஷிப்டில் குழல் விளக்கு வெளிச்சத்திலேயே பார்த்து முடித்து, நான் கையெழுத்துப் போட்டேன். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு, பாதித் துண்டுகளில் நீலம் மங்கி, சாம்பல் தட்டியிருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பகல் வெளிச்சத்தில் எங்களுக்கும் அது தெளிவாகத் தெரிந்தது. நூலுக்குச் சாயம் போட்ட பட்டறையில் போய் விசாரித்தோம். அவர்கள் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப் போய் மாதங்கள் ஆகியிருந்தன. லாரித் தண்ணீர் வந்த நாட்களில் அதில் சாயம் போட்டிருக்கிறார்கள், லாரி வராத நாட்களில் கிணற்றிலேயே இறைத்திருக்கிறார்கள்.

அந்தக் கிணறு எப்படிக் கெட்டது என்பதில்தான் இந்த ஊரின் கதை இருக்கிறது. பருத்தி நூலில் நாங்கள் போடும் சாயம் ஏற வேண்டுமானால் தண்ணீரில் ஏராளமாக உப்புப் போட வேண்டும். உப்பு சாயத்தை நூலின் பக்கம் தள்ளிவிடுமே தவிர, தான் நூலில் தங்காது. போட்ட உப்பு அத்தனையும் சாயத்தண்ணீரோடு வெளியே வரும். பட்டறைகள் அதை வாய்க்காலில் விட்டன, வாய்க்கால் அமராவதியில் விட்டது, வெள்ளம் வந்து அலசிக்கொண்டு போகாத ஆறு அதை மண்ணுக்குள் இறக்கியது. கரையோரத்துத் தென்னைகள் காய்ப்புக் குறைந்தன, நெல் நின்ற வயலில் வெள்ளை பூத்தது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள், பட்டறைகள் பல மூடப்பட்டன. மிஞ்சியவை கழிவுநீரைச் சுத்திகரித்து, வடிகட்டி, மீதியைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி, ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடு நடக்கின்றன. அப்படி ஆவியாக்கினால் அடியில் மிஞ்சும் உப்பு சாக்குகளில் கட்டி அடுக்கப்படுகிறது. அதைக் கொண்டுபோய்க் கொட்டத்தான் இடம் இல்லை. விவசாயி பக்கம்தான் நியாயம் என்பதை நான் வேலையில் இருந்தபோது வெளியே சொன்னதில்லை. என் சம்பளம் அந்தச் சாயத்திலிருந்து வந்தது.

துணியோடு ஊர் முடிந்துவிடவில்லை. நெடுஞ்சாலையில் கூடோ கூரையோ இல்லாத வெறும் சேஸிஸ் ஒன்றை, அதாவது எஞ்சினும் சக்கரமும் அடிச்சட்டமும் மட்டும் உள்ள வண்டியை, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, காற்றில் சட்டை படபடக்க ஒருவர் ஓட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தால், அவர் கரூரில் பாடி கட்டக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள். தமிழ்நாட்டின் தனியார் பேருந்துகளில் எத்தனையோ இங்கே எலும்பும் தோலும் பெற்றவை. வேலை முடிந்ததும் பெயிண்டர் வந்து முதலாளியின் பெயரையும் அவர் குலதெய்வத்தின் பெயரையும் போகும் ஊர்களின் பெயரையும் எழுதுவார். இங்கேயும் எங்கள் பெயர் வராது. நீ படுக்கும்போது கட்டிக்கொள்ளும் கொசுவலையும் இங்கே நெய்ததாக இருக்கலாம். பிளாஸ்டிக் குருணையை உருக்கி நரம்பு போல நூல் இழுத்து நெய்கிறார்கள். புகளூரில் அரசின் காகித ஆலை இருக்கிறது; 1979இல் நிறுவி, 1984இல் உற்பத்தி தொடங்கியது. மரத்துக்குப் பதிலாகக் கரும்புச் சக்கையைக் கூழாக்கிக் காகிதம் செய்வது அதன் வழி. சர்க்கரை ஆலைகள் வழக்கமாக அந்தச் சக்கையை எரித்துத்தான் நீராவி எடுக்கும். அவற்றுக்கு எரிக்க வேறு எரிபொருள் கொடுத்து, சக்கையைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டது காகித ஆலை. பண்டமாற்று என்று வந்துவிட்டால் இந்த மண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாலையில் கரம் கடைக்குக் கட்டாயம் போக வேண்டும். பொரி, நொறுக்கிய முறுக்கு, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், இரண்டு மூன்று சட்னி. எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் போட்டுக் கரண்டி சத்தம் கேட்கக் கலக்கித் தருவார்கள். தறி ஓட்டுபவரும் தறிக்கு முதலாளியும் அங்கே ஒரே மாதிரி நின்றுகொண்டுதான் சாப்பிடுவார்கள். அடுத்த ஊரில் இதைக் கேட்டால் முழிப்பார்கள். எங்கள் பெயரோடு வெளியே தெரியும் பொருள் "கரூர் கரம்" ஒன்றுதான் என்று உன் அத்தை சொல்கிறாள், அதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

நீ வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை திருமுக்கூடலூருக்குப் போவோம். ஐப்பசி, கார்த்திகையில் மழை நன்றாகப் பெய்து அணையையும் திறந்துவிட்டால், செம்மண் நிறத்தில் வரும் அமராவதி காவிரியோடு சேரும் இடத்தில் சிறிது தூரம் இரண்டு நிறமாகவே தண்ணீர் போவதைப் பார்க்கலாம். அப்போது மட்டும் பாட்டில் உள்ள ஆறும் இதுவும் ஒன்று என்று நம்பத் தோன்றும்.

வீடு பசுபதிபாளையத்தில் எங்கள் தெருவிலேயே பார்த்துவிட்டேன், வாடகை பேசி முடித்தாயிற்று. பாத்திரம் பண்டங்களை அங்கிருந்தே கொண்டுவா. பாத்திரம் துடைக்கும் துண்டு மட்டும் வாங்காதே. திரும்பி வந்த அந்த நீலக் கட்டத்தில் அரை மூட்டை இன்னும் நம் வீட்டுப் பரணில் கிடக்கிறது, கிழியவே மாட்டேன் என்கிறது.

அன்புடன்,
மாமா