இன்னொருவர் இடத்தில் பாட வந்தவர்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. வீட்டில் வெள்ளையடிப்பு நடந்ததால் மேசை, நாற்காலி எல்லாம் முற்றத்தில் கிடந்தன. உட்கார்ந்து எழுத இடமில்லை. முழங்கால் வலி இப்போது தேவலை. மகளுக்கு ஜூனில் பிரசவம், உன் வீட்டம்மாவிடமும் சொல்லிவிடு.

சரி, உன் பையன் விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரி பேண்டில் பாடிக்கொண்டிருந்தவன் விலகிவிட்டான், இவனைப் பாடச் சொல்கிறார்கள், எல்லாரும் பழைய பாடகனோடு ஒப்பிட்டுப் பேசுவார்களே என்று இவன் தயங்குகிறான் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு அமெரிக்க ஹெவி மெட்டல் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோதான் ஞாபகத்துக்கு வந்தார். ஹாஸ்டலில் தேய்ந்துபோன கேசட்டில் கேட்டோமே, அதே ஆள். குரலைப் பற்றி அன்றைக்கே நிறையப் பேசிவிட்டோம். ஆனால் அந்தக் குரல் எங்கெல்லாம், யாருடைய இடத்தில் போய் நின்றது என்று பார்த்தால் அது தனிக் கதை.

1942இல் நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்து, நியூயார்க் மாநிலத்தில் கார்ட்லண்ட் என்ற சிறிய ஊரில் வளர்ந்தவர். இத்தாலிய வம்சாவளி, சொந்தப் பெயர் ரொனால்ட் பாடவோனா. சின்ன வயதிலேயே வீட்டில் டிரம்பெட் வாசிக்க வைத்தார்கள். பாட்டுக்கென்று வாத்தியாரிடம் போனதில்லை. மூச்சை ஆளும் வித்தை டிரம்பெட்டால் வந்தது என்பார். பள்ளி நாட்களிலேயே பேண்ட் ஆரம்பித்தாயிற்று. அப்புறம் பல வருடம் சின்னச் சின்ன மேடைகள்தான். பேண்டின் பெயர் மாறும், ஆட்கள் மாறுவார்கள். 1968இல் ஒரு கார் விபத்தில் கிட்டார் வாசித்தவர் இறந்தே போனார். அதற்குப் பிறகும் விடவில்லை. கடைசியில் எல்ஃப் என்ற பெயரில், பெரிய ராக் குழுவான டீப் பர்ப்பிளின் கச்சேரிகளுக்கு முன்னால் வாசிக்கும் வாய்ப்பு கிடைத்தது. டீப் பர்ப்பிளின் கிட்டார்காரர் ரிச்சி பிளாக்மோர் அங்கேதான் இவரைக் கவனித்தார். டியோவைப் பாட வைத்து பிளாக்மோர் ஆரம்பித்த ரெயின்போ பேண்டின் முதல் ஆல்பம் 1975இல் வந்தபோது டியோவுக்கு வயது 33. அந்த ஆல்பத்தில் வாசித்த எல்ஃப் ஆட்கள் எல்லாரையும் பிளாக்மோர் அப்புறம் அனுப்பிவிட்டார். மிஞ்சியது டியோ மட்டும்.

அடுத்த வருடம் வந்த ‘ரைசிங்’ ஆல்பத்தில் எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் ‘ஸ்டார்கேசர்’ இருக்கிறதே, அதை உன் பையனுக்குக் கட்டாயம் போட்டுக் காட்டு. பறக்க ஆசைப்படும் மந்திரவாதிக்காக அடிமைகள் வெயிலில் கோபுரம் கட்டுகிறார்கள். அவன் ஏறிக் குதிக்கிறான், விழுந்து சாகிறான். டியோ அதை மந்திரவாதியின் வாயால் சொல்லவில்லை, கல் சுமந்த அடிமையின் வாயால் சொன்னார். மியூனிக் நகரத்தின் இசைக்குழு பின்னால் முழங்க, அந்த அடிமையின் குரல் மேலே எழும்பி வரும். அவரை வெறும் பாடகர் என்று சொல்ல எனக்கு மனம் வராததற்கு இந்த ஒரு பாட்டு போதும். பிளாக்மோருக்கோ ரேடியோவில் ஓடும் காதல் பாட்டுகள் வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது. டியோ விலகினார்.

இனிமேல்தான் உன் பையனுக்கான பகுதி. 1979இல் பிளாக் சாபத் என்ற ராக் குழு, தன் பாடகர் ஓஸி ஆஸ்போர்னை வெளியே அனுப்பியிருந்தது. அந்த இடத்துக்குத்தான் டியோ வந்தார். ராஜபார்ட் நடிகர் வராத இரவில் வேஷம் கட்டிய ஆளை ஊர் எப்படிப் பார்க்கும், யோசித்துப் பார். ஓஸி பெரும்பாலும் கிட்டாரின் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் மெட்டுத் துண்டு) போகிற பாதையிலேயே பாடுவார். ‘அயர்ன் மேன்’ கேட்டால் குரலும் கிட்டாரும் ஒட்டிக்கொண்டே போவது தெரியும். டியோ அப்படிப் பாடவில்லை. ரிஃப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு குரலைத் தனி வழியில் விட்டார். அதனால் சாபத்தின் கிட்டார்காரர் டோனி ஐயோமி தன் கிட்டார் வேலையையே மாற்றிக்கொண்டார், பாட்டுக்கு அடியில் புதிய கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) வந்தன. அதுவரை பாட்டுவரிகளைப் பெரும்பாலும் எழுதிவந்தவர் பேஸ் வாசித்த கீஸர் பட்லர். இப்போது அந்தப் பொறுப்பும் டியோவிடம் வந்தது. 1980இல் ‘ஹெவன் அண்ட் ஹெல்’ வந்தது. சாபத்தின் பெயரும் ஐயோமியின் கிட்டாரும் அப்படியே இருக்க, மற்றதெல்லாம் வேறாகிவிட்டது.

மேடையிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஓஸி எப்போதும் இரண்டு விரலை விரித்து சமாதான அடையாளம் காட்டுவார். அதையே காட்டினால் நகல் ஆகிவிடுவோம் என்று டியோ யோசித்தார். அவருடைய இத்தாலியப் பாட்டி கண்ணேறு கழிக்க ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் நீட்டிக் காட்டும் வழக்கம் ஞாபகத்துக்கு வந்தது. அதைக் காட்ட ஆரம்பித்தார். இன்றைக்கு உலகத்தில் எந்த ராக் கச்சேரிக்குப் போனாலும் கூட்டம் தூக்கிக் காட்டும் அந்தக் கொம்பு அடையாளம் பரவியது இப்படித்தான். தானே கண்டுபிடித்ததாக அவர் சொல்லிக்கொண்டதில்லை.

1982இல் சாபத்தின் ஒரு நேரலை ஆல்பத்தின் மிக்சிங்கில், அதாவது ஒலிகளைச் சேர்த்துச் சமன் செய்யும் வேலையில், சண்டை. டியோ இரவில் வந்து தன் குரலின் சத்தத்தை ஏற்றி வைக்கிறார் என்று மற்றவர்கள் குற்றம் சொன்னார்கள், அவர் மறுத்தார், வெளியேறினார். மறு வருடம் சொந்த பேண்ட், ‘ஹோலி டைவர்’ ஆல்பம். வயது 40. அதில் கிட்டார் வாசித்த விவியன் கேம்பல் அப்போது இருபதை ஒட்டிய பையன். பணப் பங்கு பற்றிய மனக்கசப்பில் 1986இல் அந்தப் பையனும் வெளியேற நேர்ந்தது. பிளாக்மோரிடம் வேலை பார்த்த ஆள் தானே முதலாளி ஆனபோது கொஞ்சம் பிளாக்மோர் மாதிரியே நடந்துகொண்டாரோ என்று எனக்குத் தோன்றும். அந்தக் காலத்தில் மேடையில் ராட்சத டிராகன் பொம்மையோடு வாள்சண்டை வேறு போட்டார். எனக்குச் சிரிப்புதான் வரும். ஆனால் பாட்டில் ஒரு சுருதி பிசகாது.

1992இல் மறுபடி சாபத்தில் இருந்தபோது, ஓஸியின் கச்சேரிக்கு முன்னால் வாசிக்க அழைப்பு வந்தது. முடியாது என்று டியோ ஒதுங்கிக்கொண்டார். அந்த இரண்டு இரவும் ஜூடாஸ் பிரீஸ்ட் பேண்டின் பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் பாடினார். சிலர் அதைத் தலைக்கனம் என்பார்கள், நான் சொல்ல மாட்டேன். பிறகு 2006இல் பழைய ஆட்கள் மீண்டும் சேர்ந்தபோது, சாபத் என்ற பெயரில் அல்ல, ஹெவன் அண்ட் ஹெல் என்ற பெயரில் மேடையேறினார்கள். இன்னொருவர் இடத்தில் வந்து பாடியவர் அங்கே பாடிய முதல் ஆல்பத்தின் பெயர் ஒரு பேண்டின் பெயரே ஆகிவிட்டது! 2009 நவம்பரில் வயிற்றுப் புற்றுநோய் என்று தெரிந்தது. 2010 மே 16 அன்று ஹூஸ்டனில் காலமானார்.

உன் பையனிடம் சொல்: பழைய பாடகனின் சுருதியைப் பிடித்துத் தொங்க வேண்டாம், தன் தொண்டைக்கு வசதியான இடத்துக்கு இறக்கிக்கொள்ளட்டும். கிட்டார்காரன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். முதல் கச்சேரிக்குள் இவன் எழுதிய ஒரு பாட்டாவது உள்ளே வந்துவிட வேண்டும், அதில் மட்டும் விட்டுக்கொடுக்கச் சொல்லாதே. ஒத்திகையைப் போனில் பதிவு செய்து அனுப்பு, கேட்டுவிட்டு வெளிப்படையாகத் திட்டுகிறேன். கச்சேரி எந்தத் தேதி என்றும் எழுது. ஜூனில் இல்லையென்றால் நானும் கிளம்பி வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்