பேரனின் மாடல் டக் போட்டுக்கு எந்த பேட்டரி?

அன்பு மகளுக்கு,

படங்கள் வந்து சேர்ந்தன. துறைமுகத்தில் கப்பல்களை இழுக்கும் டக் போட்டின் மாடல் அசல் மாதிரியே இருக்கிறது. டக் இன்ஜின் ரூமிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், பேரனிடம் சொல்லிவிடு.

கடைக்காரர் 3 செல் லித்தியம் பாலிமர் பேக் வாங்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் அம்மா. அது வேகப் படகுக்கு அருமையான பேட்டரி, ஆனால் இந்தப் படகுக்கு ஆகாது. மோட்டார் 6 வோல்ட். அந்த பேக் 11.1 வோல்ட், முழு சார்ஜில் 12.6. புரொப்பல்லர் வேகமாகச் சுற்றச் சுற்றத் தண்ணீரின் எதிர்ப்பு இன்னும் வேகமாகக் கூடும். வோல்டேஜ் இரண்டு மடங்கானால் கரன்ட் நான்கு மடங்கை நெருங்கிவிடும். முதலில் மோட்டாரோ, அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பீடு கன்ட்ரோலரோ கருகும்.

அதைவிட முக்கியம் எடை. 30 மீட்டர் நீளமுள்ள துறைமுக டக் 500 டன் என்று வைத்துக்கொள். ஐம்பதில் ஒரு பங்காகச் சிறிதாக்கினால் நீளம் 60 சென்டிமீட்டர். எடை மட்டும், நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால், ஐம்பதை மூன்று தடவை பெருக்கி, 1,25,000-ஆல் வகுக்க வேண்டும். 4 கிலோ வரும். உங்கள் படகு இப்போது 2 கிலோதான் என்கிறாய். மீதி 2 கிலோ இல்லாவிட்டால் படகு வாட்டர்லைன் (தண்ணீர் மட்டம் நிற்க வேண்டிய கோடு) வரை அமிழாது, காற்றடித்தால் சாயும். 300 கிராம் லித்தியம் பேக்கை வைத்துவிட்டு, மிச்சத்துக்கு ஈயக் கட்டி தேடுவானேன்?

அதனால் 6 வோல்ட், 12 ஆம்பியர் ஹவர் சீல் செய்த லெட் ஆசிட் (ஈய அமில) பேட்டரி வாங்கு. பேலஸ்டும் (படகை அமிழ்த்தி நிலையாக வைக்கும் பாரம்) அதுவே, கரன்டும் அதுவே. எடை ஏறத்தாழ 2 கிலோ. பொதுவாக 15 சென்டிமீட்டர் நீளம், 5 அகலம், 9.5 உயரம் இருக்கும். நிற்க வைக்காதே, பக்கவாட்டில் படுக்க வை. எடை எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. சீல் செய்தது என்பதால் படுக்க வைக்கலாம், தலைகீழாக மட்டும் கூடாது. தொட்டியில் மிதக்கவிட்டு, முன்னும் பின்னும் நகர்த்தி வாட்டர்லைன் சமமானதும் அந்த இடத்திலேயே பட்டை போட்டு இறுக்கு. திரும்பும்போது பேட்டரி நழுவினால் படகு கவிழ்ந்துவிடும். இடம் போதாவிட்டால் 5 செல் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேக், அதுவும் 6 வோல்ட்தான். அப்போது ஈயக் கட்டி தேவைப்படும்.

எவ்வளவு நேரம் ஓடும் என்று பேரன் கேட்டானாமே. சராசரி 3 ஆம்பியர் இழுத்தால் கணக்குப்படி நான்கு மணி நேரம். ஆனால் லெட் ஆசிட்டைப் பாதிக்கு மேல் காலி செய்யாதே, ஆயுள் குறையும். இரண்டு மணி நேரம் என்று சொல். குளத்திலிருந்து வந்த அன்றே சார்ஜ் போட வேண்டும். காலியாகவே கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டுவிடும். சார்ஜ் போடும்போது பேட்டரியை வெளியே எடுத்துவிடு, மூடிய படகுக்குள் வாயு தேங்கக் கூடாது. 6 வோல்ட் லெட் ஆசிட்டுக்கென்றே உள்ள சார்ஜர் வாங்கு. மாப்பிள்ளையின் கார் சார்ஜர் 12 வோல்ட், அதில் மாட்டிவிடாதீர்கள்.

பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் வை. இவ்வளவு பெரிய பேட்டரி ஷார்ட் ஆனால் வயரே பழுத்துவிடும். புரொப்பல்லரில் பாசி சிக்கினாலும் கரன்ட் எகிறும்.

ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது. பாத் டப்பில் படகைப் பிடித்துக்கொண்டு, மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, முழு த்ராட்டிலில் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்து எழுது. ஸ்பீடு கன்ட்ரோலர் மேல் போட்டிருக்கும் ஆம்பியரையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா