பழவேற்காட்டு ஏரியில் எங்களுக்கு வழிகாட்டியவர்களுக்கு

பெருமதிப்பிற்குரிய பழவேற்காட்டு மக்களுக்கு,

வணக்கம். 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெற்றுவரும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்காக எங்கள் பள்ளியின் இயற்கைக் கழக மாணவர்கள் 14 பேருடன் இம்முறை உங்கள் ஏரிக்கு வந்து, இரண்டு நாள்கள் தங்கித் திரும்பினோம். ஊர் வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக இம்மடலை எழுதுகிறேன். அனுமதி வழங்கி, எவ்விடங்களில் இறங்கக் கூடாது என்பதைப் பொறுமையாக விளக்கிய வனத்துறைப் பணியாளர்களுக்கு முதலில் எங்கள் நன்றி.

ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி என்று படித்துவிட்டு வந்த மாணவர்கள், கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும் அந்த நீரின் பெரும்பகுதி தங்கள் இடுப்பளவுகூட ஆழமில்லாதது என்பதை, நீர் வற்றும் நேரத்தில் படகு சேற்றில் தட்டி நின்றபோதுதான் உணர்ந்தார்கள். படகோட்டிய பெரியவர் சற்றும் பதறவில்லை. இயந்திரத்தை நிறுத்திக் கோலை ஊன்றித் தள்ளியபடியே, கூழைக்கடா மிதக்கும் இடத்தில் படகு தாராளமாகப் போகும் என்றும், பூநாரை நடக்கும் இடத்தில் கோல்தான் துணை என்றும், உள்ளான்கள் ஓடும் இடத்தில் இறங்கி நடக்க வேண்டியதுதான் என்றும் அவர் சொல்லிக்கொண்டே வந்தார். பறவைகளைப் பார்த்து நீரின் ஆழத்தை அறியலாம் என்பதை இருபது ஆண்டுகளாகப் பறவை நோக்கும் நானும் அன்றுதான் கற்றேன்.

ஐயா, பூநாரைக் கூட்டம் தொலைவில் வெண்கோடாகத் தெரிந்தபோதே நீங்கள் படகை நிறுத்தினீர்கள். பறக்கும் காட்சியைப் படமெடுக்க விரும்பிய மாணவன் ஒருவன் இன்னும் சற்று நெருங்கச் சொன்னபோது, தின்ன வந்த பறவையை எழுப்பக் கூடாது என்று அன்பாகவும் உறுதியாகவும் மறுத்தீர்கள். பூநாரை தன் அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நாக்கால் நீரை உள்ளிழுத்து வெளித்தள்ளி, அலகின் ஓரத்துச் சீப்புப் பற்களில் தங்கும் நுண்ணுயிர்களை உண்டு வயிறு நிரப்ப வேண்டும். அதற்கு நெடுநேரம் பிடிக்கும். ஒருமுறை வெருண்டு எழுந்தால் அந்த நேரமும் வலிமையும் வீணாகும். இதை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் கழுத்துகள் ஒருசேர நிமிர்ந்து, கூட்டம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்பதைக் கண்முன் காட்டி மாணவர்கள் மனத்தில் பதித்தவர் நீங்கள்.

முழங்காலளவு நீரில் அமர்ந்து கைகளால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்த இருளர் சமூகத்துச் சகோதரிகளுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. கூட்டத்தில் கலந்து நின்ற சாம்பல் நிறப் பறவைகளை வேறு இனமோ என்று ஐயுற்றுத் தனிவரிசையில் எழுதிக்கொண்டிருந்த மாணவிகளிடம், அவை பூநாரையின் இளம்பறவைகள் என்று சொல்லித் திருத்தியவர்கள் நீங்களே. உணவிலிருந்து பெறும் நிறமிகளால் அவை சில ஆண்டுகளில்தான் இளஞ்சிவப்பாகும். நீங்கள் சொல்லாதிருந்தால் எங்கள் கணக்கு தவறாகவே போயிருக்கும். எங்கள் படகைக் கண்டு விலகிய பறவைகள் உங்களுக்கு அருகில் அஞ்சாமல் மேய்ந்ததை மாணவிகள் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அன்று தங்கள் முறைக்கு வந்த ‘பாடு’ என்னும் மீன்பிடி இடத்தில் வலை கட்டியிருந்த மீனவச் சகோதரர்கள், எங்கள் படகு வலைக்கு ஊறு செய்யாமல் சுற்றிப் போகும் வழியைக் கையசைத்துக் காட்டினார்கள். மீன்பிடிக்கும் இடத்தை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் அந்தப் ‘பாடு’ முறையில், ஒரு நாள் பிடிப்பு கெட்டால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். முகத்துவாரம் மணலால் அடைபடும்போது கடலிலிருந்து இறால் குஞ்சு ஏரிக்குள் வருவது தடைப்படுவதைப் பற்றி அவர்கள் மாலையில் கரையில் அமர்ந்து பேசிய பேச்சை, பறவைகளைப் பற்றிக் கவலைப்படும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மடவை மீன் குழம்பும் சோறும் ஆக்கிப் போட்டு, பணம் வாங்க மறுத்துவிட்ட அம்மாவுக்கு மாணவர்கள் தனியே ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

கணக்கெடுப்புத் தாளில் பார்வையாளர் பெயர் எழுதும் இடத்தில், உங்கள் ஒப்புதலோடு, உங்கள் பெயர்களையே முதலில் எழுதியிருக்கிறோம். அதன் படி ஒன்றைப் படகுத்துறையில் சேர்ப்பிக்கிறோம். பறவைகளுக்கு உங்கள் ஊரில் வழங்கும் பெயர்களை எழுதுவதற்கு வலப்பக்கத்தில் இடம் விட்டிருக்கிறோம். அடுத்த ஜனவரியில் நாங்கள் வரும்போது அதை நிரப்பித் தருமாறு வேண்டுகிறோம்.

நன்றியுடன்,
இயற்கைக் கழகப் பொறுப்பாசிரியரும் மாணவர்களும்